கஹோனுக்குப் பக்கத்தில் சிம்பல்: பாட்டு வார்த்தை மறையாமல் வாசிக்க ஒரு முழு வழிகாட்டி

கஹோன் (மேலே உட்கார்ந்து முன்பலகையைக் கையால் தட்டும் மரப்பெட்டி), ஜெம்பே (ஆப்பிரிக்கக் கைமேளம்), டோலக் என்று கையால் வாசிக்கிறவர்கள் ஒரு கட்டத்தில் சிம்பலை, அதாவது டிரம் செட்டில் இருக்கும் வட்ட உலோகத் தகட்டை, தேட ஆரம்பிப்பார்கள். திருநெல்வேலிப் பக்கம் அதற்குத் தேவையும் நிறைய இருக்கிறது. கல்யாண வரவேற்பில் மேடை ஓரமாக ஒதுக்கித் தரும் நாலடி இடம், ஆலயத்தில் பாடகர் குழுவுக்கு முன்னால் கிடைக்கும் மூலை, கொடை விழாப் பந்தலில் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்ட மேடை. இவற்றில் முழு டிரம் செட் ஏறாது, கஹோன் ஏறும். அதோடு ஒன்றிரண்டு சிம்பல் சேர்ந்துவிட்டால் மெல்லிசைப் பாட்டுக்கு வேண்டிய நிறைவு வந்துவிடும்.

ஆனால் இந்தச் சீமையில் பாட்டை வார்த்தைக்காகக் கேட்கிறார்கள். வில்லுப்பாட்டில் கதை வரி ஒன்று விட்டுப்போனால் அடுத்த வரி புரியாது. கீர்த்தனையில் சரணம் காதில் விழவில்லை என்றால் சபையால் கூடச் சேர்ந்து பாட முடியாது. சிம்பலின் ஓசை பெரும்பாலும் 3,000 ஹெர்ட்ஸுக்கு மேலே பரவிக் கிடப்பது. ச, ட, த, க போன்ற எழுத்துகள் துல்லியமாகக் கேட்க வேண்டிய பகுதியும் ஏறக்குறைய 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸுக்குள் இருக்கிறது. இரண்டும் ஒரே இடத்தில் மோதும்போது தோற்பது பாடுகிறவரின் வார்த்தைதான். அதனால் கீழே சொல்லும் ஒவ்வொரு படிக்கும் ஒரே அளவுகோல் வைத்திருக்கிறேன்: வார்த்தை மறைகிறதா, இல்லையா?

தோல் வாத்தியத்தோடு உலோகத்தைச் சேர்ப்பது நமக்குப் புதிதில்லை. வில்லுப்பாட்டில் குடம், உடுக்கை இருக்கும் இடத்தில் ஜால்ராவும் இருக்கும். நையாண்டி மேளத்தில் தவில், பம்பை, உறுமியோடு தாளமும் உண்டு. அந்த ஜால்ராக்காரர் எவ்வளவு சின்ன ஓசையில், எவ்வளவு சரியான இடத்தில் தட்டுகிறார் என்று ஒரு முழு இரவு உட்கார்ந்து கேளுங்கள். இந்த வழிகாட்டியின் பாதி அதிலேயே கிடைத்துவிடும்.

படி 1: எந்த வேலைக்கு என்று முடிவு செய்வது

சிம்பலுக்கு இரண்டு வேலை உண்டு. ஒன்று, காலம் காட்டுவது: ஹை-ஹாட்டோ (காலால் மோதவிடும் ஜோடி சிம்பல்) ரைடோ (பெரிய சிம்பல்) இடைவிடாமல் ஓடிக்கொண்டே இருப்பது. இன்னொன்று, இடம் காட்டுவது: பல்லவி முடிந்து சரணம் தொடங்கும் இடத்தில் ஸ்ப்ளாஷோ (சின்ன சிம்பல்) கிராஷோ (அதைவிடப் பெரியது) ஒரு தடவை விழுவது.

கஹோனில் நடுவில் தட்டினால் பேஸ் என்னும் தாழ்ந்த ஓசை, மேல் ஓரத்தில் தட்டினால் உள்ளே பலகையை ஒட்டி அதிரும் ஸ்னேர் கம்பியோடு கூடிய கூர்மையான ஓசை. இரண்டுமே உடனே நின்றுவிடும். நீண்டு நிற்கும் ஓசை அதில் கிடையாது. ஆகவே கஹோன்காரருக்கு முதலில் வேண்டியது இடம் காட்டும் சிம்பல். ஜெம்பேக்கும் அதே கணக்குதான். டோலக், தபலா வாசிக்கிறவர்களுக்குக் கதை வேறு. இடக்கைப் பக்கமான பாயாவின் கார்வை ஏற்கெனவே நீண்டு நிற்கிறது, வலக்கை விரல் ஓடிக்கொண்டே இருக்கிறது. அவர்களுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு சின்ன ஸ்ப்ளாஷ் போதும், அதுவும் எப்போதாவது.

இரண்டு வேலையையும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். முதலில் ஒரு சிம்பல், இடம் காட்ட. அது கைக்குப் பழகி நீங்கள் யோசிக்காமலே விழ ஆரம்பித்த பிறகு காலுக்கு ஹை-ஹாட்.

படி 2: அளவு, கனம், உலோகம்

டிரம் செட்டுக்காரர் குச்சியால் அடிக்கிறார், நீங்கள் கையால் தட்டுகிறீர்கள். இரண்டுக்கும் உள்ள சத்த வித்தியாசம் பெரியது. ஆகவே அவருக்கு நல்லதாக இருக்கும் 18 இன்ச் கனமான கிராஷ் உங்கள் கஹோனை முழுக்க அமுக்கிவிடும். கைவாத்தியத்துக்குச் சின்னதும் மெல்லியதும்தான் சரி. மெல்லிய தகடு சின்னத் தட்டுக்கே முழு ஓசையையும் திறந்துவிடும். கனமானதை மெல்லத் தட்டினால் ஓசை பாதியில் நிற்கும், பலமாகத் தட்டினால் காது கிழியும்.

ஸ்ப்ளாஷ் என்றால் 8 முதல் 12 இன்ச். நான் 10 இன்ச்சைத்தான் முதல் சிம்பலாகச் சொல்வேன். சட்டென்று திறந்து சட்டென்று அடங்கும், அடுத்த வரியின் முதல் சொல் வருவதற்குள் வழிவிட்டுவிடும். ஆலயத்துக்கும் சின்ன மண்டபத்துக்கும் இதைவிட நல்லது இல்லை. திறந்தவெளிப் பந்தலில் மட்டும் கதை மாறும். அங்கே சுவர் இல்லை, ஓசை திரும்பி வராது, 10 இன்ச் ஸ்ப்ளாஷ் தும்மல் மாதிரி வந்து போய்விடும். அதற்கு 14 அல்லது 16 இன்ச் மெல்லிய கிராஷ் வேண்டும். பிரஷ்ஷால் வருடினால் அதையே ரைடு போலவும் ஓட்டலாம்.

உலோகத்தில் மூன்று வகை கண்ணில் படும். விலை குறைந்தது பித்தளை, அதாவது செம்பும் துத்தநாகமும். அடுத்தது பி8 எனப்படுவது, 92 பங்கு செம்பு, 8 பங்கு தகரம். ஓசை பளிச்சென்று நேராக வரும். மூன்றாவது பி20, 80 பங்கு செம்பு, 20 பங்கு தகரம். கோயில் மணி வார்க்கும் வெண்கலத்தின் சேர்மானமும் இதற்கு மிக அருகில்தான். 1623-இல் இஸ்தான்புல்லில் தொடங்கிய ஜில்ஜியான் குடும்பத்தின் சிம்பலில் இருந்து இன்றைய துருக்கிக் கைவேலை சிம்பல் வரை பெரும்பாலும் இந்தச் சேர்மானம்தான். பி20 சிம்பலில் ஒரே தட்டில் பல ஓசைகள் கலந்து வரும், மேல் ஓசை கூர்மையாகக் குத்தாது.

கையில் இருக்கும் பணத்துக்கு ஏற்ப என் யோசனை: பி20-இல் ஒரே ஒரு ஸ்ப்ளாஷ் வாங்குங்கள். அதே பணத்துக்கு ஹை-ஹாட், கிராஷ், ரைடு எல்லாம் சேர்ந்த பித்தளை செட் கிடைக்கும், ஆசையும் வரும். ஆனால் பித்தளையில் பெரும்பாலும் தட்டைத் தட்டிய சத்தம்தான், அதைச் சின்ன ஓசையில் வாசிக்கவே முடியாது. குறைவாக வாங்கி நல்லதாக வாங்குவது இங்கே கண்டிப்பாகப் பலன் தரும்.

படி 3: கடையில் சோதிப்பது

கடைக்குப் போகும்போது, முடிந்தால் கஹோனையும் கொண்டுபோங்கள். இல்லையென்றால் கடையில் இருக்கும் ஒன்றைக் கேட்டு வாங்கி உட்காருங்கள். கடைக்காரர் குச்சியைக் கையில் கொடுப்பார். வேண்டாம். நீங்கள் மேடையில் எதனால் தட்டப்போகிறீர்களோ அதனாலேயே தட்டுங்கள்.

முதலில் கஹோனில் பேஸ் ஒன்று, உடனே அதே பலத்தில் சிம்பல் ஒன்று. இரண்டும் சமமாக இருக்கிறதா? அப்புறம் மிக மெல்ல, விரல் நுனியால். அப்போதும் ஓசை திறக்கிறதா? பிறகு ஒரு தட்டுத் தட்டிவிட்டு அடங்கும்வரை கேளுங்கள். கடைசியில் ஒரே ஒரு கூர்மையான ஓசை மட்டும் தனியாக நின்று கத்தினால் அந்தச் சிம்பல் மைக்கில் தொல்லை கொடுக்கும்.

கடைசியாக, கூட வந்தவரைப் பத்தடி தள்ளி நிற்கச் சொல்லி ஏதாவது ஒரு பாட்டின் வரியைச் சாதாரணக் குரலில் பாடச் சொல்லுங்கள். பாடும்போதே தட்டுங்கள். வார்த்தை கேட்டால் வாங்கலாம். சிம்பலுக்குப் பக்கத்தில் இருக்கிற நமக்கு அது எப்போதும் வேறு மாதிரி கேட்கும், ஆகவே இடம் மாறி நின்று அவரைத் தட்டச் சொல்லி நீங்களும் கேளுங்கள்.

பழைய சிம்பல் வாங்குவதில் தப்பில்லை, பல வருடம் வாசித்த பி20 புதியதைவிடக் கனிந்த ஓசை தருவதும் உண்டு. மூன்று இடத்தை மட்டும் பாருங்கள். ஓரத்தைச் சுற்றி விரலை ஓட்டி, நகம் மாட்டும் விரிசல் இருக்கிறதா என்று. நடுத் துளை வட்டமாக இருக்கிறதா, ஒரு பக்கம் தேய்ந்து நீண்டிருக்கிறதா என்று. நடுவில் எழும்பியிருக்கும் குமிழும் தகடும் சேரும் வளைவில் மெல்லிய கோடு ஓடுகிறதா என்று. பிறகு ஓரத்தைச் சுற்றி வரிசையாகத் தட்டினால் எங்காவது ஓசை செத்து விழும் இடம் தெரியும். விரிசல் இருந்தால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

படி 4: ஸ்டாண்டும் உயரமும்

கஹோன் ஏறக்குறைய 45 முதல் 48 சென்டிமீட்டர் உயரம். அதில் உட்கார்ந்து குனிந்து தட்டுகிறவருக்கு டிரம் செட் ஸ்டாண்ட் உயரமாகத்தான் இருக்கும். கைநீட்டம் உள்ள பூம் ஸ்டாண்ட் வாங்கினால் கால்களைத் தள்ளி வைத்துவிட்டு சிம்பலை மட்டும் அருகில் கொண்டுவரலாம். நேர் ஸ்டாண்ட் என்றால் எவ்வளவு தாழும் என்று கடையிலேயே இறக்கிப் பாருங்கள்.

சிம்பலின் ஓரம் உங்கள் மார்பு உயரத்துக்கும் தோள் உயரத்துக்கும் நடுவில் இருக்கட்டும். கஹோனில் இருந்து கையை எடுத்து, முழங்கையை உடம்பை விட்டு அதிகம் விலக்காமல் தொட முடிய வேண்டும். எட்டிப் பிடிக்கிற உயரத்தில் வைத்தால் முதல் பாட்டு நன்றாக இருக்கும், பத்தாவது பாட்டில் தோள் வலிக்கும், தாளமும் பிந்தும். லேசாக உங்கள் பக்கம் சாய்த்து வையுங்கள். ஓரத்தில் நேராக மோதாமல், தகட்டின் மேல் கை வழுக்கிப் போகும் சாய்வு அது.

பூம் நீட்டம் எந்தத் திசையில் இருக்கிறதோ அந்தத் திசையில் ஸ்டாண்டின் மூன்று கால்களில் ஒன்று நேர் கீழே இருக்க வேண்டும். இரண்டு காலுக்கு நடுவில் நீட்டினால் கவிழும். இதைச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் நம் பக்கம் காற்று அப்படி. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சும்மா சொல்லவில்லை. ஆனியிலும் ஆடியிலும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று காவல்கிணறு, பணகுடி, வள்ளியூர் பக்கம் பந்தல் துணியையே கிழிக்கும். அங்கே திறந்தவெளி மேடை என்றால் சிம்பலைச் சாய்க்காமல் தட்டையாக வையுங்கள், காற்று பிடிக்கும் பரப்பு குறையும். ஒரு துணிப்பையில் இரண்டு மூன்று கிலோ மணலைக் கட்டி ஸ்டாண்டின் கால் கூடும் இடத்தில் தொங்கவிடுங்கள். மணல் எந்த ஊரிலும் கிடைக்கும், பையை மட்டும் எடுத்துப் போனால் போதும்.

சிம்பலை மாட்டும் வரிசை: கீழே உலோக வாஷர், அதன் மேல் ஃபெல்ட் (கம்பளி வளையம்), பிறகு சிம்பல், மேலே இன்னொரு ஃபெல்ட், கடைசியில் விங் நட். சிம்பல் தாராளமாக ஆட வேண்டும். நட்டை இறுக்கினால் ஓசையும் செத்துப்போகும், சிம்பலும் சீக்கிரம் விரியும். கம்பிக்கும் துளைக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் உறை இருக்கும், அது ரொம்ப முக்கியம். அது தொலைந்துபோனால் சிம்பலின் துளை நேராகக் கம்பி மரையில் உரசித் தேயும். புது உறை கிடைக்கும்வரை மோட்டார் கடையில் கிடைக்கும் பெட்ரோல் டியூபில் ஒரு துண்டு வெட்டிச் செருகலாம். துளை 12 மில்லிமீட்டர் அளவு, கம்பி பெரும்பாலும் 8 மில்லிமீட்டர் அல்லது 6 மில்லிமீட்டர், அதற்குள் தாராளமாக அடங்கும் டியூபாகப் பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் கீழே ஒரு ஜமுக்காளம் விரித்துக்கொள்ளுங்கள். பத்தமடைப் பாய் உட்கார நல்லது, ஸ்டாண்டுக்கு உதவாது. வழுக்கும்.

படி 5: எதனால் தட்டுவது

வெறும் விரல்தான் முதல் வழி. நடு மூன்று விரல்களைச் சேர்த்து, நுனிச் சதையால், ஓரத்தில் இருந்து இரண்டு விரல்கடை உள்ளே தட்டுங்கள். மெல்லிய ஸ்ப்ளாஷ் இதற்கே பேசும். உள்ளங்கை விளிம்பாலோ மோதிரம் போட்ட விரலாலோ ஓரத்தில் அடிக்கக் கூடாது. தகட்டின் ஓரம் விரல் எலும்பைப் பதம் பார்த்துவிடும், கச்சேரி வேகத்தில் அது உடனே தெரியாது, மறுநாள் வீங்கியிருக்கும்.

இரண்டாவது, பிரஷ். கம்பி பிரஷ் மென்மையாகவும், நைலான் பிரஷ் கொஞ்சம் எடுப்பாகவும் பேசும். வலக்கையில் பிரஷ் பிடித்துக்கொண்டு அதே கையால் கஹோனின் ஓரத்தையும் தட்டலாம். இடக்கை வெறும் கையாகப் பேஸுக்கும் ஸ்லாப்புக்கும் (கூர்மையான ஓரத் தட்டு) போகும். எனக்குப் பிடித்த முறை இதுதான், ஏனென்றால் கஹோனின் மேல் ஓசையும் சிம்பலின் ஓசையும் ஒரே பிரஷ்ஷில் இருந்து வருவதால் ஒரே குடும்பமாகக் கேட்கும்.

மூன்றாவது, மெல்லிய குச்சிகளைக் கட்டாகக் கட்டிய ராட். கடையில் விலை கொடுத்து வாங்குவதற்கு முன் வீட்டில் ஒன்று கட்டிப் பாருங்கள். காய்ந்த தென்னை ஈர்க்கு, வாரியலுக்கு எடுப்பதுபோல் நேரானதாக இருபதோ இருபத்தைந்தோ எடுத்து, 40 சென்டிமீட்டருக்கு வெட்டி, அடிப்பக்கம் ஒரு சாண் நீளத்துக்குத் துணி டேப்பை இறுக்கிச் சுற்றுங்கள். நுனிக்கும் அந்தப் பிடிக்கும் நடுவில் இன்னொரு சுற்று. அந்தச் சுற்றை மேலே தள்ளினால் ஓசை கெட்டியாகும், கீழே தள்ளினால் விரிந்து மென்மையாகும். ஈர்க்கு உடைந்துகொண்டே இருக்கும், அதனால் இரண்டு மூன்று கட்டு தயாராக இருக்கட்டும்.

டிரம் குச்சி வேண்டாம். குச்சியை எடுத்த உடனே கையும் டிரம் செட்டுக்காரரின் பலத்துக்குப் போய்விடும்.

படி 6: காலுக்கு வேலை

முதல் சிம்பல் பழகிய பிறகு ஹை-ஹாட். 1920-களில் டிரம்மர்கள் காலால் இரண்டு சிம்பலை மோதவிடும் கருவியைத் தரையோடு தரையாக வைத்துத் தொடங்கியதுதான் இது, பிறகுதான் கைக்கு எட்டும் உயரத்துக்கு வந்தது. நமக்கு வேண்டியது அந்த முதல் வேலை மட்டும்: காலால் ஒரு ‘சிக்’. ஜால்ராவை மூடித் தட்டும்போது வரும் அதே குறுகிய ஓசை.

வழக்கமான அளவு 14 இன்ச். கஹோனுக்கு 10 முதல் 13 இன்ச் போதும். ஸ்டாண்ட் இரண்டு கால் உள்ளதாக, அல்லது கால்களைச் சுற்றித் திருப்ப முடிகிறதாக இருந்தால் கஹோனை ஒட்டி வைக்கலாம். மேல் சிம்பலுக்கும் கீழ் சிம்பலுக்கும் நடுவில் ஒரு விரல் தடிமன் இடைவெளி விடுங்கள். கீழ் சிம்பலின் அடியில் ஒரு திருகாணி இருக்கும், அதைத் திருகிக் கீழ் சிம்பலை ஒரு பக்கம் லேசாகத் தூக்கி வைக்க வேண்டும். இரண்டும் சமமாக மோதினால் நடுவில் காற்று அடைபட்டு ‘சிக்’ வராது, ‘பப்’ என்று வரும்.

இடது கால் ஹை-ஹாட்டில் இருக்கும்போது உடம்பு ஒரு பக்கம் சாயும். கஹோனில் கொஞ்சம் பின்தள்ளி உட்கார்ந்து, வலது காலை நன்றாக ஊன்றினால் சமநிலை வரும். முதல் வாரம் இடுப்பு பிடிக்கத்தான் செய்யும்.

ஹை-ஹாட் வாங்கப் பணம் இல்லை என்றால் கணுக்காலில் ஒரு வரிசைச் சலங்கை கட்டுங்கள். ஓசை வேறுதான், ஆனால் நாட்டுப்பாட்டுக்குச் சில நேரம் ஹை-ஹாட்டைவிட அதுதான் பொருத்தம்.

படி 7: பயிற்சி

பேஸை ‘தும்’ என்றும், ஓரத் தட்டை ‘டக்’ என்றும், காலை ‘சிக்’ என்றும், சிம்பலை ‘ஷ்ஷ்’ என்றும் வாயால் சொல்லிக்கொண்டே வாசியுங்கள். வாயில் வராதது கையில் வராது. மெட்ரோனோமை (காலம் தட்டிக் காட்டும் கருவி) நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்துத் தொடங்குங்கள்.

நாலு எண்ணிக்கை, கால் மட்டும் புதிது:

1: தும்
2: டக், கூடவே சிக்
3: தும்
4: டக், கூடவே சிக்

டக்கும் சிக்கும் ஒரே ஓசையாகக் கேட்க வேண்டும். இரண்டு தனித் தனியாகக் கேட்டால் வேகத்தைக் குறையுங்கள், கூட்டாதீர்கள். இது சரியாக வந்தபிறகு கால் ஒன்றையும் மூன்றையும் தட்டட்டும், கை அப்படியே இருக்கட்டும். அதுவும் வந்துவிட்டால் கால் உங்களுக்கு அடிமையாகிவிட்டது என்று அர்த்தம்.

அடுத்தது சிம்பல். எட்டு ஆவர்த்தனம் மேலே சொன்னதை ஓட்டுங்கள். ஒன்பதாவதின் முதல் எண்ணில் வலக்கை சிம்பலில் ‘ஷ்ஷ்’, அதே நொடியில் இடக்கை கஹோனில் ‘தும்’. பேஸ் இல்லாமல் சிம்பலை மட்டும் தட்டினால் அது மெலிந்து தனியாக மிதக்கும். அடியில் தும் இருந்தால்தான் தாளத்தின் மேல் உட்காரும். கைவாத்தியக்காரர்கள் பெரும்பாலும் விடும் இடம் இதுதான், காரணம் கஹோனில் பேஸ் வலக்கைக்குப் பழகியிருக்கும். ஆகவே சிம்பலைத் தொடாமலே சில நாள் இடக்கையால் மட்டும் தும் வாசித்து அதைப் பலப்படுத்துங்கள். மொத்தப் பயிற்சியிலும் அதிக நேரம் கேட்பது இதுதான், கொடுங்கள்.

சிம்பலுக்குப் போன கை இரண்டாவது எண்ணுக்குள் திரும்பி வர வேண்டும். வரவில்லை என்றால் ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் நீங்கள் வைக்கும் நிரப்பு விரல்களை அந்த ஒரு ஆவர்த்தனத்துக்கு விட்டுவிடுங்கள். யாரும் அதைத் தேட மாட்டார்கள். சிம்பலின் ஓசையே அந்த இடத்தை நிரப்பிக்கொள்ளும்.

திஸ்ரத்துக்கு (மும்மூன்றாக எண்ணும் நடை): தகிட தகிட. முதல் த-வில் தும், இரண்டாவது த-வில் டக்கும் சிக்கும். கும்மி, தெம்மாங்கு வகைப் பாட்டுகள் இந்த நடையில் வேகமாக ஓடும். கி, ட இரண்டையும் விரல் நுனியால் கேட்டும் கேட்காமலும் தொட்டால் போதும். வேகம் கூடும்போது கால்தான் முதலில் பிந்தும், ஆகவே வேகத்தைக் காலுக்கு ஏற்றபடி கூட்டுங்கள்.

அப்புறம் இரண்டு சின்ன வித்தைகள். ஒன்று, தட்டியதும் அதே கையால் ஓரத்தைப் பிடித்து ஓசையை நிறுத்துவது. பாட்டு சட்டென்று நிற்கும் இடத்தில் இது வேண்டும். கட்டை விரல் மேலே, மற்ற விரல்கள் கீழே, சதையால் பிடிக்கவும். இன்னொன்று, இரண்டு கை விரல்களாலும் கேட்காத ஓசையில் தொடங்கி உருட்டி மெல்ல மெல்லப் பெரிதாக்குவது. விருத்தம் முடிந்து பாட்டு எடுக்கும் இடத்தில் இதைவிட அழகாக வேறொன்றும் வராது.

படி 8: பாட்டில் எங்கே, எங்கே வேண்டாம்

ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு, வரிகளைத் தாளில் எழுதி, வாத்திய இசை வரும் இடங்களையும் பாடுகிறவர் மூச்சு வாங்கும் இடங்களையும் குறியுங்கள். சிம்பலுக்கு உரிய இடம் அந்த இடைவெளிகள்தான். ஒரு வரியின் முதல் சொல் மேலேயே ஸ்ப்ளாஷ் விழ வேண்டுமானால், அந்தச் சொல் பாட்டில் ஏற்கெனவே பலமுறை வந்திருக்க வேண்டும். பல்லவிக்குத் திரும்பும் இடத்தில் தட்டலாம், ஏனென்றால் கேட்கிறவருக்குப் பல்லவி மனப்பாடம். சரணத்தின் முதல் சொல் புதிது, அங்கே தட்டக் கூடாது. இந்த ஒரு விதியை மட்டும் பிடித்துக்கொண்டாலே உங்கள் வாசிப்பில் பாதிக்கும் மேல் சிம்பல் தானாகக் குறைந்துவிடும்.

ஆலயத்தில் மெதுவான கீர்த்தனைக்குக் காலில் சிக்கும், சரணங்களுக்கு நடுவில் விரல் உருட்டலும் போதும். கிறிஸ்துமஸ் கேரல் பாட்டுக்குத் தாராளமாக வாசிக்கலாம், பாட்டு எல்லோருக்கும் தெரிந்தது. பாளையங்கோட்டையில் 1826-இல் எழுந்த ஊசிக்கோபுர ஆலயம் போல உயரமான கூரை உள்ள கட்டடங்களில் ஓசை சுற்றிச் சுற்றி வரும். அங்கே கிராஷைப் பையிலேயே விட்டுவிட்டு ஸ்ப்ளாஷை மட்டும் எடுங்கள். அதன் அடிப்பக்கம் ஒரு விரல் நீளத் துணி டேப்பை ஒட்டினால் கார்வை இன்னும் குறுகும்.

வில்லுப்பாட்டுக் குழு உங்களைக் கூப்பிட்டால் ஹை-ஹாட்டை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். அங்கே ஜால்ரா இருக்கிறது, காலம் காட்டும் உரிமை அதற்குத்தான். சத்திரம் புதுக்குளத்தில் பிறந்த சுப்பு ஆறுமுகம் போன்றவர்கள் வில்லிசையை வானொலி, தொலைக்காட்சி வரை கொண்டுபோனபோதும் அதன் உயிர் கதை சொல்கிறவரின் வரியிலும் பின்பாட்டுக்காரர்களின் ‘ஆமா’விலும்தான் இருந்தது. அந்த ஆமாவின் மேல் ஒருபோதும் சிம்பல் விழக் கூடாது. கதையில் சாமி வரும் இடம், சண்டை நடக்கும் இடம் என்று குழுத் தலைவர் கை காட்டும் இடங்களில் மட்டும் தட்டுங்கள். மற்ற நேரம் கஹோன்கூடக் குடத்துக்குக் கீழேதான் கேட்க வேண்டும்.

படி 9: மைக்

கஹோனுக்குப் பின்புறத் துளைக்கு அருகில் ஒரு மைக் வைப்பார்கள். சிம்பலுக்குச் சின்ன இடங்களில் தனி மைக் வேண்டாம். பாடுகிறவரின் மைக்கே அதைப் பிடித்துக்கொள்ளும், நம் கவலை அது அதிகமாகப் பிடிக்கக் கூடாது என்பதுதான். ஆகவே சிம்பல் பாடகருக்கு நேர் பின்னால் (அவர் மைக் பார்க்கும் திசையில்) இல்லாமல் பக்கவாட்டில், முடிந்தவரை தாழ்வாக இருக்கட்டும். பெரிய மைதானம் என்றால் சிம்பலுக்கு இரண்டடி மேலே ஒரு கண்டென்சர் மைக் வைத்து, அடி ஓசையைக் குறைத்துவிடச் சொல்லுங்கள்.

சவுண்ட் சர்வீஸ் அண்ணனிடம் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது. “அண்ணே, சிம்பல் எனக்குக் கேட்கணும்னு இல்ல, பாட்டு வார்த்தை கேட்கணும்” என்று சொன்னாலே அவர் புரிந்துகொள்வார். ஒத்திகையில் ஒரு பாட்டு ஓடும்போது குழுவில் யாரையாவது கடைசி வரிசைக்கு அனுப்பி, கேட்ட வரிகளைத் திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். சொல்ல முடியாத வரியில் நீங்கள் என்ன தட்டினீர்கள் என்று பாருங்கள்.

படி 10: பாதுகாப்பது

கையால் தட்டுகிறோம், ஆகவே வியர்வை படும். கச்சேரி முடிந்த உடனே உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்துவிட்டுப் பையில் வையுங்கள். உவரி, இடிந்தகரை போன்ற கடற்கரை ஊர்களில் வாசித்துவிட்டு வந்தால் மறுநாளே மென்மையான சோப்புத் தண்ணீரில் கழுவி, துளி ஈரமில்லாமல் துடைக்க வேண்டும். உப்புக் காற்று ஸ்டாண்டின் திருகுகளையும் பிடிக்கும், அங்கே ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் விடுங்கள்.

வீட்டில் குத்துவிளக்கோடு சேர்த்துப் புளி போட்டுத் தேய்த்துவிடப் போகிறார்கள், முன்பே சொல்லி வையுங்கள். புளி மேல்பூச்சையும் எழுத்தையும் எடுத்துவிடும், வருடக்கணக்கில் படிந்து ஓசையைக் கனிய வைத்த படலத்தையும் எடுத்துவிடும். சிம்பல் கறுத்திருப்பது குறையே இல்லை.

பஸ்ஸில் போகும்போது சிம்பல்களுக்கு நடுவில் துணி வைத்து மடியிலோ தோளிலோ வைத்துக்கொள்ளுங்கள், டிக்கியில் போட வேண்டாம். ஓரத்தில் சின்ன விரிசல் கண்டால் அன்றோடு வாசிப்பை நிறுத்திவிட்டு, விரிசல் முடியும் இடத்தில் லேத் பட்டறையில் ஒரு சின்னத் துளை போடச் சொல்லுங்கள். விரிசல் அதற்கு மேல் ஓடாமல் பெரும்பாலும் அங்கேயே நிற்கும்.